மலையேறும் கட்டுச்சோறு

கட்டிக் கொடுத்த சோறும் கற்றுக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பது நம் நாட்டுப் பழமொழி. வழிநடையாகச் செல்பவன் ஒருவன் மடியில் முடிந்துகொண்ட பொட்டலம் இரண்டு வேளைக்குள் தீர்ந்துவிடும் என்பதைக் கண்டவர்கள் சொன்ன சொல் அது. ஆயினும், ஏலமலைக்கு நாள்தோறும் ஏறி இறங்கும் நம்மவர்க்கு அப்பழமொழி பொருந்துவதாயில்லை. வேலை உள்ள நாளெல்லாம் அவர்களுடைய நண்பகல் உணவு கட்டுச்சோறேதான். அச்சோற்றின் தரம் எதுவோ அதுவே அவர்களுடைய உடலின் தரம். ஆகவே, வேலையின் பொருட்டு வெளியிடம் செல்வோர் குறைந்த செலவில் உடலுக்கேற்ற உணவை உண்பது எங்ஙனம் என்ற வினாவை இத்திங்கள் இப்பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

ஆனைக்கரை என்ற பெயரில் கேரளத்தில் ஊர்கள் இரண்டு உள. ஒன்று பாலக்காட்டு மாவட்டத்தில், பட்டாம்பி வட்டத்தில், பாரதப்புழையை ஒட்டியது. அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக வீற்றிருந்த அம்மு சுவாமிநாதன் பிறந்த ஊர் என்ற பெருமை அதற்குண்டு. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளியிலிருந்து மூணாறு செல்லும் பாதையில், வண்டன்மேட்டுக்கு அணித்தாக இருப்பது. அணக்கரை என்று எழுதுவாரும் உளர். நாம் பேச வந்தது இவ்விரண்டாவது ஊரையும் அதனைச் சூழ்ந்த ஏலக்காட்டையும் பற்றியே.

ஏலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 600 மீட்டர் முதல் 1,500 மீட்டர் வரையுள்ள குளிர்ந்த நிழலில் விளைவது. அதைப் பறிக்கும் கைகளிற் பெரும்பாலன கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வருவன. கம்பம், கூடலூர், தேவாரம், போடி முதலிய ஊர்களிலிருந்தும் அவற்றைச் சார்ந்த சிற்றூர்களிலிருந்தும் விடியுமுன் ஜீப்புகள் புறப்படுகின்றன. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு என்னும் மூன்று கணவாய்கள் வழியே அவை மேலேறுகின்றன. விளைந்த காய் புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் ஏலம் விடப்படுகிறது. காய் பணமாகிக் கீழிறங்க, அதைப் பறிப்பவர் தூக்குப்பாத்திரத்துடன் மேலேறுகின்றனர். இத்தொழிலாளருள் பெண்களே மிகுதி என்பதை மலைச்சாலையில் ஒருநாள் நின்று பார்த்தவர் எவரும் அறிவர்.

ஏலச்செடியின் காய்கள் உச்சியில் தொங்குவன அல்ல. தூரின் அடியில், தரையை ஒட்டிப் படரும் சரங்களில் இருப்பவை. ஆதலின் காய் எடுப்பவள் நாள் முழுதும் குந்தியும் குனிந்துமே வேலை செய்தாக வேண்டும். ஆடி ஆவணி மழையில் உடல் நனைந்தபடியே இருக்கும். இது கடின உழைப்பு என்பதில் ஐயமில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவுப் பட்டியலின்படி, கடின உழைப்புடைய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,720 கலோரி வேண்டும். இருந்த இடத்தில் இருந்து தொழில் செய்பவளுக்கு 1,660 கலோரி போதும். இவ்வேறுபாட்டை ஈடுசெய்யும் பொறுப்பு பெரும்பாலும் அந்தத் தூக்குப்பாத்திரத்தின்மேல் விழுகிறது.

அப்பாத்திரத்தில் இருப்பது யாது? விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே அடுப்பு மூட்டியாக வேண்டும். கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆக்கி வைத்து, பாத்திரம் கழுவி, ஜீப்பின் ஊதொலி கேட்கும்போது மிஞ்சியதை வாரிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. மிஞ்சியது பெரும்பாலும் சோறு, அதன்மேல் சிறிது புளிக்குழம்பு, ஓரத்தில் ஊறுகாய். காலையில் வயிற்றுக்குள் சென்றது ஒரு குவளைத் தேநீர். இடையில் பசித்தால் கடையில் ஒரு பொரித்த பண்டமும் மற்றுமொரு தேநீரும். இதுவே நாள்தோறும் நடைபெறுவது.

இதன் விளைவைக் காட்ட ஒரு கணக்குப் போதும். 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இரத்தச்சோகை உடையோர் இந்தியா முழுவதிலும் நூற்றுக்கு 57 பேர், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர், கேரளத்தில் நூற்றுக்கு 36 பேர் எனக் காணப்பட்டது. மலைக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள இரு மாநிலங்களுக்கிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதைச் சிந்திக்க வேண்டும். சோகை என்பது முகம் வெளுத்தல் மட்டுமன்று. ஏற்றத்தில் மூச்சு வாங்குதல், பிற்பகலில் கை ஓய்தல், பிள்ளைப் பேற்றில் துன்பம் ஆகிய அனைத்தும் அதனைத் தொடர்பவை. எடுத்த காயின் எடையைக் கொண்டு கூலி பேசும் இடங்களில், உடலின் சோர்வு அன்றே கூலியிலும் தெரிந்துவிடுகிறது.

இங்கே ஓர் உண்மையை நம் இல்லங்கள் அறிந்துகொள்ளல் நலம். மேற்சொன்ன பட்டியலின்படி ஆணுக்கு நாளொன்றுக்கு வேண்டிய இரும்புச்சத்து 19 மில்லிகிராம். பெண்ணுக்கு வேண்டியது 29 மில்லிகிராம். உழைக்கும் ஆணுக்கே முதற்பங்கு என்ற நம் வீட்டு வழக்கம், இரும்பைப் பொறுத்தவரை தலைகீழானது. முட்டையும் கீரையும் பருப்பும் ஆணின் இலைக்கும் பிள்ளையின் தட்டுக்கும் சென்றபின், அவற்றை மிகுதியும் வேண்டி நிற்பவளின் பாத்திரத்தில் ஊறுகாய் வந்து அமர்கிறது. இதை எவரும் வன்மத்தினாற் செய்வதில்லை. அவளே தன் கையால் செய்துகொள்கிறாள். ஆயினும் வழக்கம் என்பதற்காகவே ஒன்று நியாயமாகிவிடாது.

இனி, வேலை தேடிச் சென்ற தமிழனின் சோறு உலக மருத்துவத்துக்கே ஒரு பாடம் கற்பித்த வரலாறு ஒன்றை இங்கே குறிப்பிட விரும்புகிறோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேயா நாட்டில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால்கள் வீங்கியும் மரத்தும் போய், முடிவில் இதயம் ஓயும் கொடிய நோய் அது. ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களை அது மிகுதியாகப் பற்றியது. அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அவ்வளவாகத் தீண்டவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கி 1907-இல் எழுதினார். சீனர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர், காட்டில் பாதை போட்டுக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கலும் கொடுத்துச் சோதித்தனர். வெள்ளை அரிசி உண்டவரிடையே நோய் தோன்றியது. புழுங்கல் உண்டவரிடையே தோன்றவில்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே ஊடுருவி நின்றுவிடுகிறது. பின்பு தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. எழுத்தறியாத நம் முன்னோர் பழக்கத்தால் கைக்கொண்டதே அவர்களைக் கடல் கடந்த நாட்டிலும் காத்தது.

ஆனால் அப்பெருமையோடு நின்றுவிடலாகாது. 1918-ஆம் ஆண்டில் நீலகிரிக் குன்னூரில் மக்காரிசன் என்னும் மருத்துவர் உணவு ஆராய்ச்சி ஒன்றைத் தொடங்கினார். அவ்வாராய்ச்சி நிலையமே வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அவர் எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய் என வடமேற்குப் புலத்தார் உண்பதைத் தின்ற எலிகள் கொழுத்து வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழையின் சோறே பெரும்பகுதியான உணவைத் தின்றவை மெலிந்து நோயுற்றன. சோறு குற்றமுடையது என்பது இதன் பொருளன்று. சோற்றின் பக்கத்தில் பருப்பும் பாலும் கீரையும் இல்லாமையே குற்றம். அன்று குன்னூரில் எலிகள் காட்டியதையே இன்று நம் பெண்களின் இரத்தக் கணக்கும் காட்டுகிறது.

இவ்விரு பாடங்களையும் நம் தூக்குப்பாத்திரத்துக்குக் கொண்டுவருவோம். பெண்ணொருத்திக்கு நாளொன்றுக்கு 46 கிராம் புரதம் வேண்டும். 150 கிராம் அரிசிச் சோறும் ஊறுகாயும் மட்டும் உண்டால் கிடைப்பது ஏறத்தாழ 12 கிராம். அச்சோற்றோடு 50 கிராம் துவரம்பருப்பைக் கீரையிட்டுக் கடைந்து ஊற்றினால் மேலும் 10 கிராம் சேரும். அவித்த முட்டை ஒன்று 6 கிராம். கைப்பிடி வறுத்த நிலக்கடலை, அதாவது 30 கிராம், 7 கிராம். ஆக, நண்பகல் ஒரு வேளையிலேயே 35 கிராம் கிடைத்துவிடுகிறது. புலால் உண்ணாதார் முட்டைக்கு மாற்றாகச் சுண்டலோ முளைகட்டிய பயறோ சேர்த்துக்கொள்ளலாம். இவற்றுள் எதுவும் செல்வர் வீட்டுப் பண்டமன்று.

இதற்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். கடையில் பொரித்த பண்டத்துக்கும் தேநீருக்கும் நாளொன்றுக்கு 30 ரூபாய் செல்வதாகக் கொள்வோம். திங்களில் 25 நாள் வேலையானால் 750 ரூபாய். இத்தொகை முட்டைக்கும் கடலைக்கும் கீரைக்கும் திரும்புமாயின், மேலே கூறிய நண்பகல் உணவுக்குப் புதிதாகப் பணம் தேட வேண்டுவதில்லை. தேநீரே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கும் இயல்புடையது. எனவே சோற்றோடும் சோறு உண்டவுடனும் தேநீர் குடித்தலைத் தவிர்த்து, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தல் வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. இதற்கு நேர்மாறாக, எலுமிச்சை, நெல்லி, கொய்யா முதலியவற்றிலுள்ள உயிர்ச்சத்து இரும்பை உடல் ஏற்பதற்குத் துணைசெய்யும். கீரைமேல் பிழிந்த அரை எலுமிச்சையும், உணவுக்குப்பின் உண்ணும் கொய்யாப்பழம் ஒன்றும் மருந்துக்கடைப் புட்டிகளுக்கு இளைத்தவை அல்ல.

வாரத்தில் இரண்டு நாளேனும் சோற்றுக்கு மாற்றாகச் சிறுதானியம் உண்பது நன்று. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 350 மில்லிகிராமுக்கு மேலுண்டு; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் கூட இல்லை. கம்பில் இரும்பு 6 மில்லிகிராம் அளவில் இருக்க, தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராமும் தேறாது. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஏழைமையின் அடையாளம் என்று எண்ணி நாம் கைவிட்டோம். இன்று பட்டணத்து அங்காடிகளில் அவற்றை அழகிய உறையிலிட்டு அரிசியைவிடக் கூடிய விலைக்கு விற்கின்றனர். முருங்கைக்கீரை இட்ட கேழ்வரகு அடை இரண்டு, கையில் எடுத்துச் செல்லவும் எளிது, நண்பகல் வரை கெடுவதுமில்லை.

பழைய சோற்றைப் பற்றியும் ஒரு சொல். இரவில் நீரூற்றிய சோறு, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர வயிற்றுக்கு இதமான உணவாகிறது. காலையில் வெறுந்தேநீருடன் ஜீப் ஏறுவதினும் ஒரு கிண்ணம் பழையது உண்டு ஏறுவது எவ்வளவோ மேல். அடுப்பும் மூட்ட வேண்டாம். ஆனால் ஊறிய சோற்றில் இரும்பு பன்மடங்கு பெருகிவிடுகிறது என்று சிலர் பரப்பும் பேச்சை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. ஊறுவதால் இரும்பு புதிதாய்ப் பிறப்பதில்லை. உள்ளதை உடல் ஏற்பது எளிதாகும், அவ்வளவே. ஆகையால் பழையது உண்டோம் என்று கீரையை விட்டுவிடலாகாது.

அடுத்தது, கட்டிய சோறு கெடாதிருக்கும் வகை. விடியுமுன் ஆக்கிய சோற்றைக் கொதிக்கக் கொதிக்கப் பாத்திரத்தில் அமுக்கி மூடினால், அது எட்டு மணி நேரம் இளஞ்சூட்டிலேயே கிடக்கிறது. சமையலின் சூட்டுக்கும் சாகாத சில நுண்ணுயிர் வித்துகள் அரிசியில் உண்டு. அவை முளைத்துப் பெருக விரும்புவது அந்த இளஞ்சூட்டையே. எனவே சோற்றை அகன்ற தாம்பாளத்தில் பரப்பி, ஆறிய பின்னரே அடைக்க வேண்டும். குழம்பைச் சோற்றின்மேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். தேங்காய்ச் சட்டினி விரைவிற் கெடும். அதனினும் பொட்டுக்கடலைத் துவையலோ புளி சேர்ந்த துவையலோ மேல். புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தம் புளிப்பாலேயே தம்மைக் காத்துக்கொள்வன. அவற்றோடு வறுத்த கடலையைத் தாராளமாகச் சேர்க்கலாம். தயிர்ச்சோறு கட்டுவோர், பால் மிகுதியும் தயிர் ஒரு கரண்டியுமாகப் பிசைந்தால், நண்பகலில் அளவான புளிப்போடு இருக்கும்.

உணவைப் போலவே உண்ணும் இடமும் கருதத்தக்கது. ஏலம், பூச்சிமருந்து மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் ஒன்று. எண்டோசல்பான் என்னும் நஞ்சை உச்சநீதிமன்றம் 2011-இல் நாடெங்கும் தடுத்தது. எனினும் பிற மருந்துகளின் தெளிப்பு நின்றபாடில்லை. தெளித்த காட்டில் தூக்குப்பாத்திரத்தைச் செடியில் மாட்டி வைத்தலும், காயெடுத்த கையைத் துடைத்துவிட்டுச் சோற்றில் வைத்தலும் பெருந்தீங்கு. சவர்க்காரத் துண்டு ஒன்றைப் பாத்திரப் பையிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மருந்து வந்த புட்டியில், எத்தனை முறை கழுவியதாயினும், குடிநீர் எடுக்காதீர்கள்.

குடிநீரைப் பற்றிப் பேசும்போது, பெண்கள் நாணத்தால் வெளியிற் சொல்லாத குறை ஒன்றை எடுத்துரைப்பது நம் கடமை. ஒதுங்குவதற்கு மறைவிடம் இல்லாத காரணத்தால், பகல் முழுதும் தண்ணீர் குடியாமலே உழைப்பவர் பலர். அதனால் சிறுநீர்த் தாரையில் எரிவும் நோயும் உண்டாகின்றன. தலைவலியும் சோர்வும் உடன் வருகின்றன. இது அவர்களே தீர்த்துக்கொள்ளக்கூடிய குறையன்று. தோட்டக்காரர் ஒருவர் தம் காட்டில் ஒரு கழிப்பிடம் கட்டுவாராயின், அது நூறு உணவுப் பட்டியல்களுக்கு ஒப்பான நலத்தைச் செய்யும். பசியை அடக்க வெற்றிலையோடு புகையிலையைக் குதப்பும் பழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியுள்ளது. அது பசியை மறைக்கிறதேயன்றித் தீர்ப்பதில்லை, வாய்ப்புற்றுக்கும் வழிகோலுகிறது.

இனி, பண்டங்களை எங்கே வாங்குவது? நாள்தோறும் இறங்கிச் செல்வோர்க்கு ஊர் நியாயவிலைக் கடை இருக்கிறது. அரிசி அட்டை உடையோர்க்குத் தமிழ்நாட்டு அரசு அரிசியை விலையின்றி வழங்குகிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் அங்கே கிடைக்கின்றன. பருப்பை வாங்காமல் விட்டுவிடும் இல்லங்கள் சில உள. வெளிச்சந்தை விலையோடு ஒப்பிட்டால், அத்தகைய இழப்பு வேறில்லை. கீரையும் காயும் வாங்க உழவர் சந்தை உண்டு. அது காலைச் சந்தையாதலால், வேலைநாளில் மலைக்குச் செல்பவளுக்கு எட்டாது. வீட்டிலிருக்கும் ஆண்மக்களோ வளர்ந்த பிள்ளைகளோ அப்பையைத் தூக்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை.

ஊரை விட்டு வந்து தோட்டத்து லயங்களில் தங்கிவிட்ட குடும்பங்களின் நிலை வேறு. ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை என்னும் ஏற்பாட்டில் கேரளமும் 2020-இல் சேர்ந்தது, தமிழ்நாடும் அவ்வாண்டிலேயே சேர்ந்தது. முன்னுரிமைக் குடும்ப அட்டையும் அந்தியோதயா அட்டையும் உடையோர், ஆதார் இணைப்பு இருப்பின், கேரளத்து நியாயவிலைக் கடையிலேயே விரல் பதித்து மத்திய அரசு ஒதுக்கும் தானியத்தைப் பெறலாம். குடும்பத்திற் சிலர் ஊரிலும் சிலர் மலையிலும் இருந்தால், பங்கைப் பிரித்தும் வாங்கலாம். ஆனால் துவரம்பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டு அரசு தன் பொருளில் தருபவை. அவை மலையேறி வாரா. ஆகவே ஊருக்குச் செல்லும்போது அவற்றை மறவாது வாங்கி வருதல் வேண்டும்.

கட்டுச்சோறு இயலாத நாட்களில் கடையை நாடத்தான் வேண்டும். அப்போது குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் நடத்தும் ஜனகீய உணவகத்தை முதலில் தேடுங்கள். 2020-இல் 20 ரூபாய்ச் சாப்பாடாகத் தொடங்கப்பெற்றது அது. அரசு கொடுத்துவந்த உதவித்தொகை 2023-இல் நின்றபின் 30 ரூபாயாயிற்று. சோறு, குழம்பு, பொரியல் என்று அமைந்த அச்சாப்பாடு, ரொட்டியும் வறுவலும் தேநீருமாகச் செலவிடும் அதே தொகைக்கு எத்தனையோ மடங்கு சிறந்தது. வண்டி ஓட்டுநர், விற்பனைப் பிரதிநிதி, கட்டட வேலைக்காரர் எனப் பல ஊர் சுற்றும் நம் சகோதரர்க்கும் இதையே சொல்வோம். பையில் வறுத்த கடலையும் வாழைப்பழமும் இருந்தால், பசி மிஞ்சி, கண்ட கடையில் கண்டதை உண்ணும் நிலை வாராது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் காண்போம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 150 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் உணவகம் அமைக்க வேண்டும் என வகுத்தது. பின்னர் ஏலத்தோட்டங்களும் அச்சட்டத்தின்கீழ் வந்தன. இப்போது அதன் இடத்தை 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் எந்தச் சட்டமாயினும் ஆள்தொகையை அளவாக வைத்தே பேசும். ஏலக்காடுகளோ பெரும்பாலும் சிறியவை. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்பவை. பெருந்தேயிலைத் தோட்டத்தை எண்ணி நெய்த வலையின் கண்கள் வழியே இச்சிறு காடுகள் நழுவிவிடுகின்றன.

சட்டம் எட்டாத இடத்தில் கூட்டுறவு எட்டும். ஒரு ஜீப்பில் வரும் பெண்கள் ஒருவரையொருவர் நன்கறிந்தவர்கள். சோற்றை அவரவர் கொண்டுவரட்டும். கீரைக்கடைசலையோ பருப்புக்குழம்பையோ சுண்டலையோ முறைவைத்து ஒருவர் அனைவர்க்குமாக ஆக்கி வரட்டும். பன்னிருவர் சேர்ந்தால், ஒருவர்க்கு இரு வாரத்துக்கு ஒருமுறையே முறை வரும். ஒரு சிறு கிண்ணம் பருப்பை நாள்தோறும் பன்னிரண்டு அடுப்புகளில் ஏற்றும் விறகும் எரிவாயுவும் மிஞ்சும்; மற்ற நாட்களில் அரைமணி நேரத் தூக்கமும் மிஞ்சும். இதற்குச் சாதியும் தடையாக நிற்கக் கூடாது. மழையில் ஒரே படுதாவின்கீழ் நனைந்து வருகிறவர்கள் ஒரே பாத்திரத்துக் குழம்பை உண்ணுதற்குத் தயங்குவது அறிவுடைமையாகாது. தோட்ட உரிமையாளராக உயர்ந்துள்ள நம் அங்கத்தினர் சிலர் உளர். அவர்கள் ஆளுக்கொரு முட்டையும் கொதித்தாறிய நீரும், அமர்ந்துண்ண ஒரு கூரையும் அளிப்பாராயின், அதற்காகும் செலவு பிற்பகல் வேலையிலேயே திரும்பிவிடும்.

தாய் விடியலிற் புறப்பட்டுவிட்டால், பிள்ளையின் காலையுணவு என்னாவது என்ற கவலை ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த முதலமைச்சரின் காலையுணவுத் திட்டம் அக்கவலையைப் பெரிதும் குறைத்திருக்கிறது. பிள்ளை பள்ளியில் உண்கிறது என்ற நிலையில், அதற்கென ஒதுக்கிய விடியற்காலை நேரத்திற் சிறிதளவேனும் தாய் தனக்கென ஆக்கிக்கொள்ளலாம். அதைத் தன்னலம் என்று அவள் நாண வேண்டியதில்லை.

நேயர்களே! ஏலக்காயை நாம் நிறம் பார்த்து, பருமன் பார்த்து, சல்லடையிட்டுத் தரம் பிரிக்கிறோம். ஒரு காய் வெடித்திருந்தாலும் விலை குறைகிறது. அவ்வளவு கருத்தில் நூற்றில் ஒரு பங்கையாவது அதைப் பறிப்பவளின் தூக்குப்பாத்திரத்தின்பால் செலுத்துவோம். நாளைக் காலை நம் இல்லங்களில் முதலில் நிரம்பும் பாத்திரம், மலையேறப் போகிறவளுடையதாக இருக்கட்டும். அதில் பருப்பும் கீரையும், இயன்றால் ஒரு முட்டையும் இருக்கின்றனவா என்று வீட்டிலுள்ள வேறொருவர் மூடியைத் திறந்து பார்க்கட்டும். இத்திங்கள் இவ்வொன்றையேனும் நம் குடும்பங்கள் கைக்கொள்ளுமாறு வேண்டி அமைகிறோம்.